பத்தாம் தேதி வந்தால் பெட்டிக்குப் பேய் பிடிக்கும்

போன மாதம் மேடவாக்கத்தில் மகள் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு அஸ்தினாபுரம் திரும்பினேன். மருமகன் காரில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். வண்டியைக் கிளப்பியதும் "டிங்" என்று ஒரு சத்தம். ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த சின்னத் திரையில் ஏதோ எழுத்து வந்தது.

"என்ன மாப்பிள்ளை அது?"

"சர்வீஸ் டைம் வந்துடுச்சாம் அத்தை. பத்தாயிரம் கிலோமீட்டர், இல்லைன்னா ஒரு வருஷம். எது முதல்ல வருதோ அது. வண்டியே கணக்குப் போட்டுச் சொல்லிடும். உங்க காலத்துல இதெல்லாம் எங்கே?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் காலத்தில் எங்கேயா? முடிச்சூர் ரோட்டில் இருந்தது, ஐயா! தகரக் கூரை போட்ட பஸ் ஷெட்டுக்குப் பின்னால், ஏ.சி. அறையில், பச்சை எழுத்துத் திரையில் இருந்தது. "எது முதல்ல வருதோ அது" என்பதை ஒரு கம்ப்யூட்டருக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவள் இதோ உங்கள் பக்கத்து சீட்டில் பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதை வாய்விட்டே சொன்னேன். "சூப்பர் அத்தை" என்றார், சிக்னலைப் பார்த்துக்கொண்டே. ஒரு வார்த்தை நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெயசீலி. பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணி, எண்பதுகளில் பம்மலில் ஒரு தோல் கிடங்கு ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கிடங்கு வாடை முதலில் புடவையில் ஏறும், அப்புறம் தலைமுடியில், அப்புறம் டிபன் பாக்ஸில். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் மாதா கோயிலில் என் பெஞ்சில் மட்டும் எப்போதும் இடம் தாராளமாக இருக்கும். எப்படியாவது அங்கிருந்து தப்பித்துவிட வேண்டும் என்று சாயங்காலங்களில் தாம்பரத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன். அப்பா, "மாட்டுத்தோலாவது நாளைக்கும் இருக்கும், இந்தப் பெட்டி இருக்குமா?" என்று கேட்டார். படித்து முடித்தேன். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம், இழுக்க ஒன்றுமில்லை.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் முடிச்சூர் ரோட்டு பஸ் கம்பெனிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். தொழிற்சாலை ஷிஃப்ட் பஸ், பள்ளிக்கூட வேன், கல்யாண டிரிப் எல்லாம் ஓட்டுகிற கம்பெனி அது. முதலாளி யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டிருந்தார். வாங்கிய பிறகுதான் அதை வைத்து என்ன செய்வது என்று யோசித்தார். நல்ல மனுஷர், ஆனால் எதையும் அந்த வரிசையில்தான் செய்வார்.

அங்கே மேனேஜர் பாக்கியநாதன் சார். எப்போதும் கோட்டு. சர்ச்சில் செயலாளர் என்பதால் எதைச் சொன்னாலும் அறிவிப்பு வாசிப்பது போலவே சொல்வார். "இன்று காபி சற்றுத் தாமதமாக வரும் என்று அறிகிறோம்" என்பார், அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருப்போம். அவருடைய உயிர் ஒரு ரப்பர் முத்திரையில் இருந்தது. தேதி முத்திரை. தினமும் காலையில் அதன் சின்னச் சக்கரங்களைத் தானே திருப்பி, நாள், மாதம், வருஷம் சரிபார்த்து, ஊதித் துடைத்து வைப்பார். அந்த முத்திரை விழாமல் ஆபீசிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வெளியே போகாது. வெற்றுத் தாளில் முத்திரை வைக்கவும் மாட்டார். "வெற்றுத் தாளில் முத்திரை வைத்தவன் வீட்டைத் தோற்றவன்" என்று அவருடைய அப்பாவுக்கு யார் மூலமோ நடந்த கதையை மாதம் ஒரு முறை சொல்வார்.

மேஸ்திரி மஸ்தான் பாய். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே வியாதி சொல்லிவிடுவார். அவர் வைத்திருந்த பராமரிப்பு முறை மிகவும் எளிமையானது. ஆயுத பூஜைக்கு ஒரு தடவை எல்லா வண்டிக்கும் சர்வீஸ், அப்புறம் எந்த வண்டி நடுரோட்டில் நிற்கிறதோ அதற்கு ஒரு தடவை.

"பாய், ஓடற வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு, நிக்கிற வண்டிக்கு நாள் கணக்கு. ரெண்டுல எது முதல்ல முடியுதோ அன்னைக்கு சர்வீஸ் பள்ளத்துக்கு வரணும்" என்றேன்.

"நிக்கற வண்டிக்கு எதுக்குமா சர்வீஸு? அது இன்னா பாவம் பண்ச்சு?"

"வூட்ல தோசை மாவு அரைச்சு வெக்கிறீங்க. ஊத்தினாலும் தீரும், ஊத்தாம வெச்சாலும் புளிக்கும். ஆயிலும் அப்படித்தான் பாய்."

அவர், "எங்க வூட்ல புளிக்கிற வரைக்கும் மிஞ்சாது" என்றார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

மூன்று மாதம் உட்கார்ந்து புரோகிராம் எழுதினேன். ஒவ்வொரு வண்டிக்கும் கடைசியாக சர்வீஸ் ஆன தேதி, அன்றைய மீட்டர் கணக்கு, இன்றைய மீட்டர் கணக்கு. ஐயாயிரம் கிலோமீட்டர் அல்லது நாலு மாதம், எது முதலில் வருகிறதோ அதன்படி அந்த வண்டி லிஸ்டில் வரும். பக்கத்திலேயே காரணமும் அச்சாகும்: கிலோமீட்டரா, நாளா என்று. லிஸ்டின் தலையில் தேதி அச்சடிக்கலாம் என்றேன். பாக்கியநாதன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ் ஜெயசீலி, தேதி என்பது முத்திரையின் பொறுப்பு" என்றார். சரி என்று அந்த இடத்தைக் காலியாக விட்டேன். இந்தக் காலி இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் அறைக்கு என்றே ஒரு முறை இருந்தது. செருப்பை வெளியே விட வேண்டும். காலையில் பெட்டியின் மேலிருக்கும் துணி உறையை எடுத்து, மடித்து, ஸ்விட்ச் போடுகிற உரிமை மேனேஜருக்கு மட்டும். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சின்ன ஜெபம் செய்வார். அப்புறம் ஸ்விட்ச், கீபோர்டில் நாலைந்து தட்டு. பிறகு கதவைத் திறந்து, "இயந்திரம் தயாராக உள்ளது" என்பார். அதற்குப் பிறகுதான் நான் உள்ளே போய் என் புரோகிராமை ஓட்டி, லிஸ்டை அச்சடித்து, முத்திரைக்குக் கொடுப்பேன். அந்த நாலைந்து தட்டு என்ன என்று நான் கேட்டதில்லை. நான் படித்த இடத்து மெஷின்கள் ஸ்விட்ச் போட்டதும் எதுவும் கேட்காமல் நேராக வேலைக்கு வந்துவிடும். இங்கே சார் ஏதோ பக்தியில் தட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

புரோகிராம் எழுதிய மூன்று மாதத்தில் பாய் ஒவ்வொரு வண்டியாக எல்லாவற்றுக்கும் சர்வீஸ் முடித்திருந்தார். மார்ச்சில் ஆரம்பித்தோம். முதல் நாலு நாள் லிஸ்டில் ஒரு வண்டிகூட வரவில்லை. ஐந்தாம் தேதி இரண்டு வந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் ஷெட்டில் பாதி. அதற்கு மறுநாள் மொத்தமும். பத்தாம் தேதி வந்தும் லிஸ்ட் குறையவில்லை. பன்னிரண்டாம் தேதியும், போன வாரம் வரைக்கும் நன்றாக இருந்த கம்பெனி மொத்தமும் பள்ளத்துக்கு வரச்சொல்லி உத்தரவு. எல்லாமே "நாள்" கணக்கில். பதிமூன்றாம் தேதி லிஸ்ட் சுத்தமாகக் காலி. மாதக் கடைசி வரைக்கும் பெட்டி வாயே திறக்கவில்லை.

"பார்த்தீர்களா? ஒரே வாரத்தில் வண்டிகள் அனைத்தும் பூரண சுகமடைந்துவிட்டன" என்று பாக்கியநாதன் சார் அறிவித்தார்.

ஏப்ரலிலும் அதே கதை. எட்டாம் தேதி வாக்கில் சுரம் மாதிரி ஏறி, பன்னிரண்டு வரைக்கும் உச்சியிலேயே நின்று, பதிமூன்றில் சட்டென்று இறங்கிவிட்டது. அதைவிட மோசம், முந்தின நாள் சர்வீஸ் ஆன வண்டியை மறுநாளே மறுபடி கூப்பிட்டது. மஸ்தான் பாய் ஆயில் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு, ஏ.சி. அறைக்கே வந்துவிட்டார்.

"இத்தப் பாரு ஜெயா. நேத்து ஊத்துன ஆயிலு. தேன் கலர்ல கீது. இத்தக் கொட்டணுமாம். உன் பொட்டிக்குக் கண்ணு கீதா இல்லியா?"

"பாய், இயந்திரம் பொய் சொல்லாது. லிஸ்டில் முத்திரை விழுந்துவிட்டது" என்றார் சார்.

பாய் போனார். அந்தத் தேன் கலர் ஆயிலை ஒரு சுத்தமான டின்னில் இறக்கினார், டீ குடித்தார், அதையே திரும்ப உள்ளே ஊற்றினார், "சர்வீஸ் ஆச்சு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்றைக்கு வரைக்கும் நான் பார்த்த மெக்கானிக்குகளில் புத்திசாலி அவர்தான்.

ஷெட்டில் ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். வளர்பிறை, தேய்பிறை என்றார்கள். பம்மல் டிரைவர் தேவராஜுக்கு வாய் ஜாஸ்தி. "அக்கா, உன் பொட்டி குடும்பஸ்தன்க்கா. சம்பளம் வந்த பத்து நாளு அத்த வாங்கு, இத்த வாங்குன்னு கெடந்து துள்ளுது. அப்பால கையில துட்டு இல்ல, கம்முனு குந்திகினு கீது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. பிளாப்பியில் எடுத்துக்கொண்டு போய் நான் படித்த இடத்தில் ஓட்டிப் பார்த்தேன். அங்கே தங்கமாக வேலை செய்தது. கம்பெனிக்குக் கொண்டுவந்தால் மறுபடி பேய் பிடித்தது. இந்த ஷெட்டின் மேல் பெட்டிக்கு ஏதோ தனிப்பட்ட கோபம் என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

மே மாதம் டிரைவர்கள் லிஸ்டை மதிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு நழுவினார்கள். பாக்கியநாதன் சார் ஒரு புது விதி போட்டார். லிஸ்டில் பெயர் வந்த வண்டி, அடுத்த முத்திரை லிஸ்டில் அந்தப் பெயர் நீங்கும் வரைக்கும் கேட்டைத் தாண்டக் கூடாது. கேட்டில் இருந்த கோவிந்தசாமி பட்டாளத்தில் இருந்து வந்தவர். அவருக்கு விதி கிடைத்தது பூனைக்குக் கருவாடு கிடைத்த மாதிரி. சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். ஷிஃப்ட்டுக்கு வெளியிலிருந்து வாடகைக்கு பஸ் எடுக்க வேண்டியதாயிற்று.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. ஏ.சி. அறை வாசலில் நின்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "பாக்கியநாதன், ஜூன் பதினொண்ணு என் பொண்ணு கல்யாணம். அது முடியட்டும். பன்னெண்டாம் தேதி அந்தப் பெட்டியையும் அனுப்பிடுங்க, இந்தப் பொண்ணையும் அனுப்பிடுங்க."

பம்மல் கிடங்கில் என் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருந்தது. அங்கே யாரும் வரமாட்டார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் குளியலறையில் அழுதேன். பயம் மட்டும் இல்லை, ரோஷம். நான் எழுதியது சரி. அது எனக்குத் தெரியும். ஆனால் சரி என்று காட்ட முடியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பத்தாம் தேதி. நான் பயந்தபடியே ஆயிற்று. லிஸ்டில் ஷெட்டின் மொத்த வண்டியும் வந்தது. பாக்கியநாதன் சார் ஒரு நிமிஷம் தயங்கினார். கல்யாணக் கூட்டத்தை ஏற்றிவர மறுநாள் காலை பஸ்கள் வேண்டும். ஆனாலும் முத்திரையை ஓங்கிக் குத்தினார். "முதலாளி வீட்டு விசேஷத்துக்கு சர்வீஸ் ஆகாத வண்டியை அனுப்புவதா? பாய், இரவுக்குள் முடியுங்கள்" என்றார். பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "டின்னு நெறைய வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன செய்தாலும் பெயர் நீங்குவது அடுத்த முத்திரை லிஸ்டில்தானே?

மறுநாள் காலையில் சார் என்னிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தார். உயிரைப் பிரிவது மாதிரி கொடுத்தார். "நான் மண்டபத்துக்குச் செல்கிறேன். இன்று ஒரு நாள் இயந்திரத்தை நீங்களே துவக்குங்கள். லிஸ்டை எடுத்து வையுங்கள்" என்றார். அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. முத்திரை அவர் கோட்டுப் பையில் போய்விட்டது.

செருப்பை விட்டேன். கதவைச் சாத்தினேன். அந்த அறையில் ஜெபம் சொல்லிப் பழக்கம் இல்லாவிட்டாலும் ஒரு அருள்நிறை மரியே சொன்னேன். உறையை எடுத்து ஸ்விட்ச் போட்டேன்.

திரையில் முதல் வரி வந்தது: இன்றைய தேதி, செவ்வாய்க்கிழமை, 1980 ஜனவரி ஒன்று.

அடுத்த வரி: புதிய தேதியைக் கொடு. பக்கத்தில் அடைப்புக்குள், எந்த வரிசையில் என்று சொல்லியிருந்தது. முதலில் மாதம். அப்புறம் நாள். அப்புறம் வருஷம்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தப் பழைய பெட்டிக்குள் கடிகாரத்துக்கான பேட்டரி செத்துப்போயிருக்கிறது. ராத்திரி அணைத்தால் அதற்கு எல்லாம் மறந்துவிடும். தினமும் காலையில் எழுந்து, "இன்றைக்கு என்ன தேதி?" என்று அப்பாவியாகக் கேட்கும். நம் பாக்கியநாதன் சார் முத்திரையில் இருக்கிறபடியே, முதலில் நாள், அப்புறம் மாதம் என்று தட்டுவார். அமெரிக்கப் பெட்டி அதை மாற்றிப் படிக்கும். ஏப்ரல் எட்டு அதற்கு ஆகஸ்ட் நாலு. ஏப்ரல் ஒன்பது அதற்கு செப்டம்பர் நாலு. வெளியே ஒரு நாள் போனால் ஏ.சி. அறைக்குள் ஒரு மாதம் போகும்! பன்னிரண்டாம் தேதி டிசம்பர் வந்துவிடும். நேற்று ஊற்றிய ஆயில் புளித்துப் போகாமல் என்ன செய்யும்? பதிமூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் பதிமூன்றாம் தேதி பெட்டி தப்பு என்று சொல்லி மறுபடி கேட்கும். சார் வெறுமனே என்டரைத் தட்டிவிடுவார். உடனே 1980. எங்கள் பஸ்களில் பாதி அப்போது பிறக்கவே இல்லை, அதற்கு எங்கே சர்வீஸ்? லிஸ்டின் தலையில் அந்தக் காலி இடத்தில் தேதி அச்சாகியிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. கோவிந்தசாமி ஓடிவந்து, "பாம்பா?" என்று கேட்டார்.

மாதத்தை முதலில் போட்டு, நாளை அப்புறம் போட்டு, புரோகிராமை ஓட்டினேன். எல்லா வண்டியும் போன மாதம்தானே சர்வீஸ் ஆனது? ஒன்றும் வரவில்லை. தலைப்பு மட்டும் அச்சாகி, கீழே வெள்ளை வெளேர் என்று ஒரு தாள் வந்தது. வாழ்க்கையில் அதைவிட அழகான தாளை நான் பார்த்ததில்லை.

வெளியே டிரைவர்கள் கேட்டருகே கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் விழுப்புரம் பக்கத்திலிருந்து ரயிலில் வந்து தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கிவிட்டார்களாம். தாளைக் கோவிந்தசாமியிடம் நீட்டினேன்.

"இன்னாம்மா இது, வெத்துத் தாளு?"

"அதான் லிஸ்ட். ஒரு வண்டிக்கும் சர்வீஸ் இல்லை. திறங்க."

"முத்திரை எங்க?"

"மண்டபத்துல."

"அப்ப மண்டபத்துக்குப் போயி வாங்கியா. எனக்கு ஆர்டரு ஆர்டருதான்."

"எதுல போறது? எல்லா வண்டியும் உள்ளே இருக்கே!"

தேவராஜ் ஷெட்டின் மூலையைக் காட்டினான். அங்கே தண்ணீர் டேங்கர் லாரி நின்றுகொண்டிருந்தது. கோடைக்காக அப்போதுதான் வாங்கியது. பெயர் மாற்றம் முடியாததால் சார் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற விடவில்லை. அது எந்த லிஸ்டிலும் இல்லை. கோவிந்தசாமி நேற்றைய லிஸ்டை விரலால் தடவி இரண்டு முறை படித்தார். "இதுல இல்ல. இது போலாம்" என்று சங்கிலியை அவிழ்த்தார்.

கல்யாணத்துக்கென்று கட்டியிருந்த மாம்பழக் கலர் பட்டுப்புடவையோடு டேங்கரில் ஏறினேன். வாழ்நாளில் முதல் தடவை. நிறைய தண்ணீர் இருந்ததால் ஒவ்வொரு பிரேக்குக்கும் பின்னாலிருந்து ஒரு அலை வந்து எங்களை முன்னால் தள்ளியது. ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போகும் வரைக்கும் தேவராஜ் என் தாளை வாங்கிப் பார்த்தான்.

"அக்கா, இத்தக் காட்டுனா மேனேஜரு முத்திரை போடுவாராக்கா? வெத்துத் தாளுன்னா அவுரு கதை சொல்ல ஆரம்பிச்சிடுவாரே."

அடக் கடவுளே. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

சேலையூர் மண்டப வாசலில் பாக்கியநாதன் சார் பன்னீர் சொம்போடு நின்றுகொண்டிருந்தார். வரவேற்புப் பொறுப்பு அவருக்கு. வரவேற்க ஆள்தான் இல்லை. டேங்கரிலிருந்து நான் இறங்கியதும் பழக்க தோஷத்தில் என் மேல் பன்னீர் தெளித்தார். அப்புறம்தான் யார் என்று பார்த்தார்.

"மிஸ் ஜெயசீலி! பஸ்கள் எங்கே?"

தாளைக் கொடுத்தேன். மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதில் ஒன்றும் இல்லையே. வெற்றுத் தாளில் நான் முத்திரை வைப்பதில்லை. என் தகப்பனார்..."

"சார்! அந்தக் கதை இப்ப வேணாம் சார்! ஒண்ணும் இல்லைங்கறதுதான் சார் லிஸ்டே!"

அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் பதற்றத்தில் மறுபடி பன்னீர் தெளித்தார்.

இதற்குள் பின்பக்கத்தில் ஒரே ஆரவாரம். மண்டபத்து மோட்டார் காலையிலிருந்து ஓடவில்லையாம். சோறு வடிக்கவும், பாத்திரம் கழுவவும் தண்ணீர் இல்லாமல் சமையல்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். டேங்கரைப் பார்த்ததும் ஆளுக்கு ஒரு குழாயை எடுத்துக்கொண்டு ஓடிவந்து சொருகிவிட்டார்கள். தேவராஜ் "அய்ய, நில்லுய்யா, வுடுய்யா" என்று கத்துவதற்குள் பாதித் தண்ணீர் சாம்பாருக்குப் போய்விட்டது. முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கண்ணில் தண்ணீர் நிற்கிறது மனுஷருக்கு.

"சாமி, மானத்தைக் காப்பாத்தினீங்க! தண்ணி இல்லேன்னு உங்களுக்கு யாருடா சொன்னது?"

தேவராஜ் என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான் யோசித்தான்.

"கம்ப்யூட்டர் மொதலாளி. லிஸ்ட்டுல இந்த வண்டி மட்டும் போவலாம்னு சொல்ச்சு. அக்கா ஒடனே ஏறிடுச்சு."

ஒரு வார்த்தை பொய் இல்லை பாருங்கள். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "கம்ப்யூட்டர் சொல்லிச்சா? தண்ணி இல்லாததையா?" என்று இரண்டு தடவை கேட்டார். "பாக்கியநாதன், பெட்டி இருக்கட்டும். பொண்ணும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சாம்பாரைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்று மாதம் ராத்திரி பகலாக எழுதிய புரோகிராமுக்காக இல்லை, ஒரு டேங்கர் தண்ணீருக்காக என் வேலை பிழைத்தது. பரவாயில்லை. பிழைத்ததே போதும் என்று அந்த இடத்திலேயே சிலுவைக் குறி போட்டுக்கொண்டேன்.

ஆனால் பஸ்கள் இன்னும் கேட்டுக்குள்ளேதான் இருந்தன. சாரை வாசல் வாழைமரத்துப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய், மெல்ல, மரியாதையாக, அந்த மாத நாள் வரிசையைச் சொன்னேன். அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டில் நின்றார். முகம் சிறுத்துப் போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது.

"மிஸ் ஜெயசீலி. நான் ஒரு நாள்கூடத் தவறான தேதி கொடுக்கவில்லை."

"இல்லை சார். தேதி சரிதான். வரிசைதான் மாறிப்போச்சு."

"அப்படியானால் அந்த இயந்திரம் என்னிடம் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்டிருக்கலாமே? தவறு என்று சொல்லியிருக்கலாமே?"

"ஒவ்வொரு மாசமும் பதிமூணாம் தேதியிலேர்ந்து சொல்லிக்கிட்டேதான் சார் இருந்துச்சு. நீங்கதான் தினமும் என்டரைத் தட்டிட்டீங்க."

அவர் கோட்டுப் பையிலிருந்து முத்திரையை எடுத்தார். சக்கரங்களை ஒரு தடவை சரிபார்த்தார். சுவரில் தாளை வைத்து, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வெற்றுத் தாளில் அழுத்திக் குத்தினார். அப்புறம் சொம்பில் மீதியிருந்த பன்னீரை முழுக்க என் தலையில் தெளித்துவிட்டார். அது பதற்றமா மன்னிப்பா என்று நான் கேட்கவில்லை. பன்னீர் வாசனை பம்மல் வாடையைவிட எவ்வளவோ மேல்.

தேவராஜ் யாருடைய ஸ்கூட்டரையோ பிடித்துக்கொண்டு தாளோடு பறந்தான். மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தத்துக்கு வந்து சேர்ந்தார்கள், கொஞ்சம் உர்ரென்று. சாம்பார் நன்றாக இருந்ததால் மன்னித்துவிட்டார்கள்.

மறுநாள் புதுப் பேட்டரி போட்டோம். லிஸ்டின் தலையில் தேதி அச்சடிக்கவும் சார் அனுமதி கொடுத்தார், மாதத்தை எழுத்தால் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. பக்கத்திலேயே முத்திரையும் விழும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று தினமும் சத்தமாக வாசித்துச் சரிபார்ப்பார். அவர் ஓய்வு பெறுகிற வரைக்கும் அப்படித்தான். அதற்குப் பிறகு நான் பெரிய பெரிய கம்பெனிகளில் இதே வேலையைப் பார்த்துவிட்டேன். கேட்கிற கேள்வியைப் படிக்காமல் பட்டனைத் தட்டுகிற ஆட்களை மட்டும் எந்தக் கம்பெனியிலும் குறைவில்லாமல் பார்த்தேன்.

இவ்வளவையும் மேடவாக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். மருமகன் நல்ல பிள்ளை, நடுவில் இரண்டு தடவை சிரிக்கக்கூட சிரித்தார். அஸ்தினாபுரத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது மறுபடி "டிங்".

"என்ன மாப்பிள்ளை, மறுபடி கேக்குது?"

"அது கேட்டுக்கிட்டே இருக்கும் அத்தை. ஆறு மாசமா கேக்குது. ஓகே அமுக்கிட்டா போயிடும்" என்று சொல்லி, திரையைப் பார்க்காமலேயே ஒரு விரலால் தட்டினார்.

"வண்டியை ஓரமா நிறுத்துங்க மாப்பிள்ளை" என்றேன். இறங்கி, பையை எடுத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோவைக் கை காட்டினேன்.